உன் அம்மா முகத்துப் புள்ளிகள்

கண்ணு,

நீ அனுப்பிய கூரியர் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் படித்தேன். படித்த கையோடு அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். நீ முகத்தைச் சுளிப்பாய், சுளித்துக்கொள். ஏன் போட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ வரிக்கு வரி "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதில் ரகசியமும் ஒன்றுமில்லை. படித்து முடித்ததும் பெங்களூரில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்களிடமும் கொடு. அவர்கள் வீட்டிலும் பெண் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கலைவாணியையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போனாய். நிச்சயம் முடிந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. நல்ல மத்தியான வெயில். அங்கே குழாயில் அவள் முகம் கழுவினாள், நீ பார்த்தாய். அன்று வீட்டுக்குக்கூடத் திரும்பி வராமல் நேரே பஸ் ஏறிவிட்டாய். மறுநாள் காலையில் போன் செய்து, "அந்தப் பொண்ணு மூஞ்சி பூரா புள்ளிம்மா. மேக்கப் போட்டு மறைச்சிட்டாங்க. நீ பாக்கவே இல்லையா?" என்று கேட்டாய். பார்த்தேன் என்றேன். அது உன் காதில் விழவில்லை போலிருக்கிறது. ஆபீசில் ஒருவர் ஒரு க்ரீம் சொல்லியிருக்கிறார், வாங்கி அனுப்புகிறேன், அவள் வீட்டில் கொடுத்துக் கல்யாணத்துக்குள் சரிசெய்துகொள்ளச் சொல், சரியாகவில்லை என்றால் யோசிக்கலாம் என்றாய். அந்த 'யோசிக்கலாம்' எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவிடவில்லை. இங்கே பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. வேங்கிக்காலில் அவர்கள் வீட்டில் அந்தப் பெண் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய் என்று நீயே கொஞ்சம் நினைத்துப் பார். என் மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்திலும், நெற்றியிலும் கேழ்வரகைக் கையில் அள்ளித் தூவிவிட்ட மாதிரி புள்ளிகள் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'கேவுரு மூஞ்சி' என்றே பட்டப்பெயர். வெளியே கிளம்பினால் ஒரு கை பவுடர் அப்பிக்கொள்ளாமல் நான் வாசல் தாண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டில் நீ பார்த்த முகம் கழுவின முகம்தான். என் மடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்திருக்கிறாய், காய்ச்சலில் கிடந்தபோது இந்த மூக்கைப் பிடித்து இழுத்திருக்கிறாய். ஒருநாளாவது அது என்ன புள்ளி என்று நீ கேட்டதில்லை. உனக்கு அது அம்மாவின் முகம், அவ்வளவுதான். அதனால்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இந்தப் புள்ளிகளை வைத்து நம் வீட்டில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. நீயும் அதில் கூடவே இருந்தாய், ஆனால் எதற்கு என்று அறியாத வயசு. எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தபோது உன் அப்பாவுக்கு வேலூரிலிருந்து இங்கே மாற்றலாயிற்று. செங்கம் சாலையில் இருந்த உன் பெரியத்தை வீட்டில் வந்து இறங்கினோம். உன் அப்பாவுக்கு மூத்தவர், சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டு, யாருக்கும் தலைவணங்காமல் வாழ்ந்த மனுஷி. வந்த மறுநாள் காலை நான் முகம் கழுவிவிட்டு வருகிறேன், என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். "என்னாம்மா இது, சூடு இப்படிப் பொரிஞ்சி கெடக்குது?" என்றார். சின்ன வயசிலிருந்தே இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை கண்ணு. மற்றவர்கள் எல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி கண்ணை நகர்த்திக்கொள்வார்கள். அவர் ஒருத்தர்தான் தொட்டுப் பார்த்தார்.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ என்று அரைத்துப் பூசியதெல்லாம் பரவாயில்லை, சுகமாகவே இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து முகத்தில் தேய்த்து மொட்டை மாடி வெயிலில் உட்கார வைத்தார். கன்னம் வெந்து, தோல் உரிந்து, ஒரு வாரம் மோர்ச்சோறு சாப்பிட வாயைத் திறப்பதே பாடாகிவிட்டது. அதிலும் போகவில்லை என்றதும் பெரியத்தை வேண்டுதல் வைத்துவிட்டார். தோலுக்கு வந்த குறைக்குச் சூரியன்தான் தெய்வம், ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் மலையைச் சுற்ற வேண்டும், வழியில் இருக்கும் சூரிய லிங்கத்துக்கு விளக்குப் போட வேண்டும். ஊரே பௌர்ணமி நிலாவில் குளிரக் குளிர நடக்கும், நாங்கள் மட்டும் பட்டப்பகலில் நடப்போம். முந்தானையைத் தலைமேல் போடக் கூடாது என்று வேறு கண்டிப்பு. சூரியன் முகத்தைப் பார்த்தால்தானே குறையைத் தீர்ப்பார் என்பது அவர் கட்சி.

நீ அப்போது ஒண்ணாங்கிளாஸ். வீட்டில் விட்டால் அழுவாய் என்று உன்னையும் இழுத்துக்கொண்டு போவோம். வழியில் அடி அண்ணாமலையில் மிளகாய்த்தூள் போட்ட வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தந்தால்தான் மேற்கொண்டு கால் நகர்த்துவாய். தார் ரோடு சுடுகிறது என்று நீ சிணுங்கினால், பெரியத்தை உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பார். அந்த வயசில் அவருக்கே மூச்சு வாங்கும், ஆனாலும் உன்னை என்னிடம் தரமாட்டார். வேண்டுதல்காரி சுமக்கக் கூடாது என்பார். எந்தக் கோயிலிலும் அப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. உன்னைத் தூக்கி எனக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று அவரே கட்டிவிட்ட விதி அது.

வாரா வாரம் என்ன ஆயிற்று தெரியுமா? புள்ளிகள் கறுத்தன. தேன் நிறத்தில் இருந்தவை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன. இல்லாத இடத்தில் எல்லாம் புதுசாக முளைத்தன. கண்ணாடியில் பார்த்து நான் கலங்கினால், "உள்ள இருக்கிற சூடு வெளிய வருது. ஜாஸ்தியாகித்தான் கம்மியாகும், விட்டுடாத," என்று தைரியம் சொல்வார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயிலும் இல்லை, நடையும் இல்லை. கார்த்திகை தீபத்துக்குள் புள்ளிகள் மங்கிப் பாதியாகிவிட்டன. பெரியத்தைக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளித் தகட்டில் ஒரு முகம் செய்து வாங்கி உண்டியலில் போட்டார். பங்குனி வெயில் வந்தது, போன புள்ளிகள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி திரும்பி வந்தன. எங்கே என்ன குற்றம் செய்தோமோ என்று அவர் ஒருவாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை. இதில் வேடிக்கை, மாடியில் குடியிருந்த அயர்லாந்துக்காரிக்கு என்னைவிடப் பல மடங்கு புள்ளிகள், கை கால் எல்லாம். அவளுக்கு ஏன் வேண்டுதல் வைக்கவில்லை என்று கேட்டேன். அது அவர்கள் ஊர் வாகு என்று சொல்லிவிட்டார்.

நான்தான் கடைசியில் பிறந்த வீட்டுக்குப் போகும் சாக்கில் வேலூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். நடுத்தர வயசுப் பெண், நிதானமாகப் பேசுகிறவர். லென்ஸ் வைத்துப் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். என் அப்பாவுக்குத் தோளிலும் முதுகிலும் உண்டு என்றேன். என் முடி ஏன் செம்பட்டையாக இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் விளக்கினார். இது தேமல் இல்லை, தேமல் பூஞ்சையால் வருவது. பிள்ளை பெற்ற பிறகு கன்னத்தில் திட்டாகப் படருகிற மங்கும் இல்லை. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் பொருள் எல்லாருக்கும் உண்டு, சிலருக்கு அது வெயில் பட்டால் சீராகப் பரவாமல் புள்ளி புள்ளியாகச் சேரும், அது ரத்தத்தில் வரும் குணம், ஒருவருக்கும் ஒட்டாது, உடம்புக்கு ஒரு கெடுதியும் செய்யாது என்றார். "வெயில்ல போனா கறுக்கும், போகலைன்னா மங்கும். இதுக்கு மருந்து வேணாம்மா, நிழல் போதும்," என்றார். நான் உடனே எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடையைச் சொன்னேன். பாவம், அவர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ஊருக்குத் திரும்பி வந்து பெரியத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைப்பது நின்றது. "அப்போ நானே உன்னை இட்டுக்கினு போய் ஜாஸ்தி பண்ணிட்டேன்," என்றார். இல்லை அண்ணி, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் கிளம்பி நின்றார், கையில் உன் அப்பாவின் கறுப்புக் குடை. வேண்டிக்கொண்ட வாரக் கணக்கு இன்னும் பாக்கி இருந்தது, சாமிக்குச் சொன்னதை விட முடியாது. ஆனால் மலை முழுக்க அந்தக் குடை என் தலைக்கு மேல்தான் இருந்தது. அவர் தலையில் வெயில் அடித்தது. நான் பிடிக்கிறேன் என்றால் கொடுக்கவில்லை. அவர் இறந்தபோது நான் அப்படி அழுததைப் பார்த்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். நாத்தனாருக்கா இவ்வளவு அழுகை என்றார்கள்.

இனி உன் அப்பா கதை. நீ பத்தாவது படித்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. குடும்பத்தோடு போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. என்னை அழகாகப் பார்க்க ஆசைப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிவந்தார். டாக்டர் சீட்டெல்லாம் யார் கேட்டார்கள். நானும் சும்மா சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் பூசினேன். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி ரகசியம் கேட்டாள். நீ மட்டும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "உனக்கு உடம்பு சரியில்லையாம்மா? மூஞ்சி யாரோ மாதிரி இருக்குது," என்றாய். நீ மறந்திருப்பாய். கூடவே முகத்தில் எரிச்சல் வந்தது. அடுப்புப் பக்கம் நின்றால் பற்றி எரியும். தோல் பாலாடை மாதிரி மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரிந்தன, மோவாயில் முடி முளைத்தது. நிறுத்தினால் பொரிபொரியாக வெடித்தது, அதனால் மறுபடி பூசினேன். கடைசியில் அதே வேலூர் டாக்டரிடம் போனோம். அந்த ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, முகத்தில் இஷ்டத்துக்குப் பூசுகிற பொருளா இது என்று உன் அப்பாவைத்தான் திட்டினார். பழைய முகம் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உன் அப்பா அந்த ஒரு வருஷமும் என் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் திண்டாடினார். நீ அனுப்பியதிலும் அதே சரக்குத்தான் கண்ணு, பேர்தான் வேறு. அதனால்தான் குப்பையில் போட்டேன்.

இந்த முகத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். புள்ளி உள்ள தோல் வெயிலைத் தாங்காத தோல், அதற்கு வேண்டியது காபந்து. உச்சி வெயிலில் வெளிவேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. போகத்தான் வேண்டும் என்றால் குடையோ தலையை மூடிய துப்பட்டாவோ வேண்டும், பைக்கில் போனால் முழுக்கை. வெயிலுக்கென்று பூசுகிற க்ரீம் இப்போது நம் ஊரிலேயே கிடைக்கிறது, அதைக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பூச வேண்டும், வியர்த்து வழிந்துவிட்டால் மறுபடியும் பூச வேண்டும். ப்ளீச்சிங், எலுமிச்சை, பேர் தெரியாத ட்யூப், இவை எதையும் கிட்டே சேர்க்கக் கூடாது. ஒரு புள்ளி மட்டும் மற்றதைப் போலில்லாமல் பெரிதானால், ஓரம் கோணலானால், நிறம் மாறினால், அரித்து ரத்தம் கசிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். புள்ளியை மங்கச் செய்ய வழி உண்டு, நல்ல டாக்டர் பார்த்துச் செய்வார், ஆனால் வெயில் பட்டால் அது திரும்ப வரும். செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அந்த முகத்துக்குச் சொந்தக்காரிதான் முடிவு பண்ண வேண்டும். நாளைக்கு உனக்குப் பிறக்கப் போகும் பிள்ளைக்கும் மூன்று நான்கு வயசில் மூக்கின்மேல் இது தெரியலாம். அவள் பக்கமிருந்து வரலாம், என் பக்கமிருந்தும் வரலாம். அப்போது அந்தக் குழந்தைக்கு யார் கூரியர் அனுப்புவது?

பெண் பார்க்கப் போன அன்றே நான் பார்த்துவிட்டேன். சாயங்கால வெளிச்சம், பவுடர், ட்யூப் லைட், எதுவும் என் கண்ணை ஏமாற்ற முடியாது. காப்பித் தட்டை நீட்டக் குனிந்தபோது காதோரம் பவுடர் படாத இடத்தில் தெரிந்தது. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. உன்னிடம் சொல்லவில்லை, உண்மைதான். சொல்ல வேண்டிய ஒரு குறையாக அது எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு அனுப்பிய போட்டோவில் ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் வைத்துத் துடைத்துவிட்டான், அதற்கும் அவள் பொறுப்பில்லை.

நேற்று சாயங்காலம் வேங்கிக்காலுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள். அவள் அம்மா காப்பி போட உள்ளே போனதும், மெதுவாகக் கேட்டாள். "அணைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து அவர் போன் பண்ணல அத்தை. என் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே?" பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம்மா என்றேன். அவள் அழவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பஸ்ஸில் வந்த வியர்வையில் என் பவுடர் எல்லாம் கரைந்திருக்க வேண்டும். "உங்களுக்கும் இருக்குதே. அவருக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும், ஆனால் அவன் பார்த்ததில்லை என்றேன்.

அவள் அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடித்தேன். கிளம்பும்போது என் கூடவே கேட் வரை வந்து சொன்னாள். "பொண்ணு பாக்க சாயங்காலமா வரச் சொன்னது எங்கம்மா. நிச்சயத்துக்கு வந்த மேக்கப்காரங்களும் நான் சொன்னதைக் கேக்கல. அவரை ஒருநாள் பகல்ல வரச் சொல்லுங்க அத்தை. மூஞ்சி கழுவிட்டு உக்காந்துக்கறேன். நல்லாப் பாக்கட்டும். வேணாம்னா என்கிட்டயே சொல்லட்டும்."

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. பத்து மணிக்கெல்லாம் அவர்கள் வீட்டு முன்னறையில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும். நீ சரி என்று சொல்ல வேண்டும் என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் மனசில்லாமல் கட்டிக்கொண்டு காலம் முழுக்க அவள் முகத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட அன்றைக்கே இல்லை என்று சொல்லிவிடுவது மேல். பத்திரிகை, மண்டபம், ஊர்ப்பேச்சு, எல்லாவற்றையும் நானும் உன் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். என் வழியாகவோ கூரியர் வழியாகவோ மட்டும் சொல்லி அனுப்பாதே. அவளைப் பார்த்துச் சொல். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நானும் பவுடர் போட்டுக்கொண்டு வரமாட்டேன்.

அம்மா